கணக்கு டியூஷனுக்கு என்ன கேட்பது?

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் பிள்ளையையோ பெண்ணையோ பக்கத்து ஃப்ளாட் மாமி வாசலில் நிறுத்தி, "எங்காத்துக் குழந்தைக்குக் கொஞ்சம் மாத்ஸ் சொல்லிக் கொடேன். என்ன வேணுமோ கேளு" என்கிறாள். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் மல்லேஸ்வரத்திலும் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. பிள்ளை உள்ளே வந்து அம்மாவைப் பார்க்கும். அம்மா அப்பாவைப் பார்ப்பாள். அப்பா பேப்பரைப் பார்ப்பார். கடைசியில், "அவாளே பார்த்துக் கொடுக்கட்டும், நாம வாய்விட்டுக் கேட்கறது நன்னாயிருக்காது" என்ற தீர்ப்பு வரும். மாதக் கடைசியில் வருவது எவ்வளவானாலும் ஏதாவது ஒரு வீட்டில் மனக்குறைதான்.

இந்தக் கூச்சம் நேற்று வந்ததல்ல. மனு ஸ்ம்ருதி ச்ராத்தத்துக்கு அழைக்கத் தகாதவர்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறது. அதில், இவ்வளவு கொடுத்தால் சொல்லித் தருகிறேன் என்று கூலி பேசிப் பாடம் சொல்பவனுக்கும் இடம் உண்டு. அப்படிக் கூலி கொடுத்துப் படித்தவனுக்கும் அதே பட்டியலில் இடம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படிப்பு முடிந்தபின் சிஷ்யன் தன் சக்திக்கேற்ப தக்ஷிணை கொடுக்கலாம். முன்கூட்டியே விலை பேசுவதுதான் குற்றம்.

இந்த விதியின் சங்கடம் காளிதாசனின் ரகுவம்சத்தில் ஐந்தாம் சர்க்கத்தில் ஒரு கதையாக வருகிறது. வரதந்து மகரிஷியின் சிஷ்யன் கௌத்ஸன் படிப்பை முடித்துவிட்டு, "தக்ஷிணையாக என்ன தரட்டும்?" என்று கேட்கிறான். உன் சிச்ருஷையே போதும் என்கிறார் குரு. அவன் விடாமல் நச்சரிக்கிறான். கோபம் வந்த குரு, பதினான்கு வித்யைக்குப் பதினான்கு கோடி கொண்டு வா என்றுவிடுகிறார். பாடத்துக்கு ஒரு கோடி என்று நம் இலக்கியத்தில் பதிவான ரேட் இதுவாகத்தான் இருக்கும்! கௌத்ஸன் ரகுவிடம் போகிறான். அவரோ விச்வஜித் யாகத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மண்பாத்திரத்தோடு நிற்கிறார். குபேரன் பொன் பொழிய, கணக்குத் தீர்கிறது. கௌத்ஸன் பதினான்கு கோடிக்கு மேல் ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளவில்லை என்பது கதையின் அழகு. ஆனால் முதலிலேயே தொகை தெரிந்திருந்தால் சிஷ்யனுக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கூலி பேசாத குரு எப்படிச் சாப்பிட்டார்? அதற்கு வேறு ஏற்பாடு இருந்தது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், இன்றைய விழுப்புரம் பக்கத்தில் உள்ள எண்ணாயிரத்தில், கோயிலோடு சேர்ந்து ஒரு பெரிய வித்யாசாலை நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பது கல்வெட்டிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அதற்காக நிலமும் விடப்பட்டிருந்தது. ஆசிரியர் மாணவனிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, நிலம் பேசிவிட்டது. மனுவின் விதியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் பின்னால் இப்படி ஒரு நிலம் வேண்டும். நிலம் போனபிறகும் கூச்சம் மட்டும் தங்கிவிட்டதுதான் நம் கஷ்டம்.

நிலம் போன காலத்தின் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. சென்னை கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822ல் ராஜதானி முழுவதும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்கள் அனுப்பியதைத் தொகுத்து 1826 மார்ச் 10ந் தேதி ஒரு குறிப்பு எழுதினார். மொத்தம் 12,498 பள்ளிகள். ஜனத்தொகை ஒன்றேகால் கோடிக்குச் சற்று மேல். வாத்தியார்களில் பெரும்பாலோர் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, இந்த வருமானத்துக்குத் தகுதியானவர்கள் எப்படி வருவார்கள் என்று அதில் கேட்கிறார். அவர் சொன்ன பரிகாரம்: தாலுகாப் பள்ளி வாத்தியாருக்கு சர்க்கார் மாதம் 9 ரூபாயும் ஜில்லாப் பள்ளி வாத்தியாருக்கு 15 ரூபாயும் கொடுக்கட்டும், பிள்ளைகளிடமிருந்து வருவதை அதற்கு மேல் வாங்கிக்கொள்ளட்டும். ஒன்பது ரூபாய் வாங்குகிறவருக்குப் பிள்ளைகளிடமிருந்து குறைந்தது இன்னொரு ஒன்பது வந்துவிடும் என்பது மன்றோ துரையின் மதிப்பு. பாதி ஸ்திர வருமானம், பாதி பிள்ளைகளைப் பொறுத்தது. இதில் தப்பில்லாத ஒரு யோசனை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பிறகு 1857ல் சென்னை யூனிவர்சிட்டி வந்தது. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று பரீட்சைகள் வந்தன. பாஸானால் சர்க்கார் குமாஸ்தா வேலை, தோற்றால் ஊர்த் திண்ணை. படிப்பின் விலை அன்றிலிருந்து பரீட்சையின் விலையாயிற்று. வீட்டுக்கு வந்து சொல்லித் தரும் டியூஷன் வாத்தியாருக்குக் காசு கொடுப்பவர், வித்யைக்காகக் கொடுக்கிறாரா, பாஸ் மார்க்குக்காகக் கொடுக்கிறாரா? கொடுப்பவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் வாத்தியாருக்குத்தான். அந்தச் சந்தேகத்தில் அடிபட்டவர்களில் மிகப் பெரியவர் கும்பகோணத்துக்காரர்.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். தகப்பனாருக்கு கும்பகோணத்தில் புடவைக் கடைக் குமாஸ்தா வேலை, மாதம் 20 ரூபாய் சம்பளம். டவுன் ஹைஸ்கூலில் கணக்கில் பரிசு வாங்கி, அரசினர் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் அதை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. இருபது வயதில் டிகிரி இல்லை, வேலை இல்லை. 1909 ஜூலையில் ஜானகி அம்மாளோடு கல்யாணமும் ஆயிற்று. அந்த நிலையில் ஒரு கணக்குக்காரப் பிள்ளை வேறென்ன செய்யும்? டியூஷன் எடுத்தார்.

அரசினர் கல்லூரித் தத்துவப் பேராசிரியர் ஒருவரின் பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஊரின் மறுகோடிக்குக் காலையிலேயே நடந்து போவார். அந்த மாணவர் பின்னாளில் நினைவுகூர்ந்தது சுவாரஸ்யமானது. இன்று ஒரு கணக்கைப் புஸ்தகத்தில் உள்ள வழியில் போட்டுக் காட்டுவார். மறுநாள் பிள்ளை அதை மறந்துவிட்டு வந்தால் முதல் நாள் சொன்னதையே திருப்பிச் சொல்லமாட்டார், அந்த நிமிஷத்தில் தோன்றிய புது வழியில் போடுவார். சுவரின் உயரம் கேட்டுத் திரிகோணமிதிக் கணக்கு வந்தால், உயரம் யாருக்கு என்பார். எறும்புக்கு அது எவ்வளவு, எருமைக்கு எவ்வளவு?

ஒருநாள் பிள்ளையிடமும் தகப்பனாரிடமும் ஒரு புதிர் போட்டார். பூமியின் இடுப்பில், அதாவது இருபத்தையாயிரம் மைல் சுற்றளவில், இறுக்கமாக ஒரு பட்டையைக் கட்டுகிறோம். அதை 2π அடி, ஏறக்குறைய ஆறேகால் அடி மட்டும் தளர்த்திவிட்டால் பட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும்? இருபத்தையாயிரம் மைலுக்கு ஆறேகால் அடி எம்மாத்திரம், நூலிழை இடைவெளி இருக்கும் என்றுதான் யாரும் சொல்வோம். விடை முழுசாக ஓர் அடி! சுற்றளவு என்பது ஆரத்தின் 2π மடங்கு. ஆகையால் சுற்றளவில் 2π அடி கூடினால் ஆரத்தில் ஓர் அடி கூடும். அது பூமியானாலும் சரி, எலுமிச்சம்பழமானாலும் சரி. இந்த ஒரு புதிருக்கு என்ன ஃபீஸ் கொடுக்கலாம்? எனக்கு முதன்முதலில் புரிந்த அன்று யாராவது கேட்டிருந்தால் பையிலிருந்ததைக் கொடுத்திருப்பேன்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. பள்ளியில் கூடப் படித்த ஒருவர் பி.ஏ. பரீட்சைக்கு டிஃபரன்ஷியல் கால்குலஸ் சொல்லித்தரக் கேட்டார். இரண்டு வாரம்தான் நடந்தது. ராமானுஜன் முடிவிலியைப் பற்றியும், எண்ணிப் பார்க்க முடியாத அளவு சிறிய அளவுகளைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தார். இது பரீட்சைக்கு உதவாது என்று தோன்றியது, நிறுத்திவிட்டேன் என்று அந்த நண்பரே பிற்காலத்தில் எழுதினார். அவர் மக்கு அல்ல, பின்னாளில் அரசாங்கத்தில் மிக உயர்ந்த பதவி வகித்தவர். அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அவருக்கு வேண்டியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கிடைத்தது ஆயிரம் மடங்கு உசத்தி என்றாலும், கேட்டது அதுவல்லவே. புடவைக் கடையில் ஆறு கஜம் கேட்டவளுக்குப் பட்டாடையே ஆனாலும் மூன்று கஜம் கொடுத்தால் வாங்குவாளா?

இங்கேதான் முதல் தடவை டியூஷன் எடுக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நமக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து ஃபீஸ் அமைவதில்லை. அப்படி அமைந்திருந்தால் ராமானுஜன் கும்பகோணத்திலேயே பெரிய பணக்காரராகியிருப்பார். எதிரில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன வேண்டும், அதை எவ்வளவு பொறுமையாகத் தருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அமைகிறது. ஆகையால் தொகையைச் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "உங்க குழந்தைக்கு எது வரலை?" என்பது.

அதைக் கேட்டறிந்து பிழைத்த ஒருவரையும் சொல்ல வேண்டும். கலீலியோவும் டிகிரி வாங்காமல் 1585ல் பைஸா யூனிவர்சிட்டியை விட்டவர்தான். இருபத்தொரு வயதில் ஃப்ளாரன்ஸிலும் சியெனாவிலும் கணக்கு டியூஷன் எடுத்தே காலம் தள்ளினார். 1589ல் பைஸாவிலேயே கணக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தபோது வருஷச் சம்பளம் 60 ஸ்கூடி. வைத்திய சாஸ்திரப் பேராசிரியர்கள் அதைப்போல் பல மடங்கு வாங்கினார்கள். பிறகு பாதுவாவுக்குப் போனதும், தன்னிடம் வரும் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியது யூக்ளிட் அல்ல, கோட்டை கட்டுவதும் பீரங்கி குறிபார்ப்பதும்தான் என்று கண்டுகொண்டார். அதற்கென்றே ஓர் அளவுக் கருவி செய்தார். கருவியின் விலை 50 லிரா. அதை உபயோகிக்கச் சொல்லித்தர 120 லிரா. பொருளைவிடப் பாடத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல்! வாய்விட்டுக் கேட்டார், கொடுத்தார்கள்.

தொகையைப் பேசி, வேலையின் எல்லையைப் பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ராமானுஜனின் முதல் கட்டுரை 1911ல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் வந்தது. அது பெர்னூலி எண்களைப் பற்றியது. அந்த எண்களுக்குப் பெயர் கொடுத்தவர் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்து யாக்கோப் பெர்னூலி. நான் சொல்ல வந்தது அவருடைய தம்பி யோஹானின் டியூஷன் கதை.

யோஹான் 1691ன் கடைசியில் பாரிஸுக்குப் போனபோது வயது இருபத்து நாலு. கால்குலஸ் அப்போதுதான் பிறந்த வித்யை. அது தெரிந்தவர்களை ஐரோப்பா முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். லோபிதால் என்ற பிரபு அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு இவரை அமர்த்திக்கொண்டார். பாரிஸிலும் தன் கிராமத்து மாளிகையிலும் பாடம் கேட்டார். யோஹான் ஊர் திரும்பிய பிறகு 1694 மார்ச் 17ந் தேதி ஒரு கடிதம் போட்டார். வருஷத்துக்கு 300 லிவர் தருகிறேன்; இது கொஞ்சம்தான், என் நிலைமை சீரானதும் கூட்டித் தருகிறேன்; நான் கேட்கும் கணக்குகளுக்கு அவ்வப்போது சில மணி நேரம் ஒதுக்க வேண்டும்; புதிதாகக் கண்டுபிடிப்பதை எனக்குத் தெரிவிக்க வேண்டும், வேறு யாருக்கும் தெரிவிக்கக் கூடாது. கடிதத்தின் சாரம் இதுதான்.

யோஹானுக்கு அப்போது ஸ்திரமான வேலை இல்லை. அந்த மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒப்புக்கொண்டார். 1696ல் லோபிதாலின் புஸ்தகம் வந்தது, கால்குலஸுக்கு உலகின் முதல் பாடப்புத்தகம். முன்னுரையில் பெர்னூலிகளுக்கு நன்றி இருந்தது. எது யாருடையது என்ற விவரம் இல்லை. மேலும் கீழும் பூஜ்யமாகும் பின்னத்துக்கு மதிப்பு காணும் விதி ஒன்று அதில் இருக்கிறது. கால்குலஸ் படிக்கும் நம் பிள்ளைகள் இன்றும் அதை லோபிதால் விதி என்றுதான் மனப்பாடம் செய்கிறார்கள். கண்டுபிடித்தவர் டியூஷன் வாத்தியார்! 1704ல் லோபிதால் இறந்தபிறகு யோஹான் உரிமை கோரினார், பலர் நம்பவில்லை. அவர் பாரிஸில் சொன்ன டிஃபரன்ஷியல் கால்குலஸ் பாடங்களின் கையெழுத்துப் பிரதி பாஸலில் அகப்பட்டு 1922ல் அச்சானது. அந்த 300 லிவர் கடிதம் 1955ல் அச்சில் வந்தது. வழக்கு ஜெயித்தது, வாதி போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

பாவம் என்று தோன்றினாலும், லோபிதால் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. கேட்டதைக் கடிதத்தில் எழுதித்தான் கேட்டார். "அவ்வப்போது சில மணி நேரம்" என்ற சொற்களுக்கு அளவு என்ன என்று யோஹான் திருப்பிக் கேட்கவில்லை. நம் வீடுகளிலும் அதேதான். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், இன்ன பாடம் என்று சொல்லாமல் மாதத் தொகையை மட்டும் பேசினால், பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குள் அடங்கிவிடும். தம்பியின் சயன்ஸ் ஹோம்வொர்க்கும் கூடவே வரும். எந்தத் தொகையானாலும் சரி, அந்தப் பேட்டையில் மற்றவர்கள் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே புதுசாக ஆரம்பிப்பவர் கேட்கட்டும், போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் எல்லையைச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும். கூலி பேசுவது பாவம் என்று இன்னும் உறுத்துகிறவர்கள், முடியாத வீட்டுக் குழந்தை ஒன்றுக்குச் சும்மா சொல்லிக் கொடுத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ராமானுஜனை டியூஷன் காப்பாற்றவில்லை. 1910 டிசம்பரில் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவைப் பார்த்தார். அவர் நோட்டுப் புஸ்தகங்களைப் பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் ஆராய்ச்சி செய்ய அவகாசம் வேண்டும் என்றார் இவர். மாதம் 25 ரூபாய் வரத் தொடங்கியது. சிஷ்யன் கேட்காமல் நிலம் பேசிய எண்ணாயிரத்து ஏற்பாட்டின் சின்ன வடிவம் என்று இதைச் சொல்லலாம். இனாமாக வாங்கிக்கொண்டே இருக்க அவருக்கும் மனமில்லை. 1912 மார்ச்சில் சென்னை போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 மே மாதம் முதல் யூனிவர்சிட்டி 75 ரூபாய் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ்.

அங்கே ஒரு வேடிக்கை காத்திருந்தது. கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்யும் தனி டியூஷன் வாத்தியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் கொடிகட்டிப் பறந்தார்கள். பணம் கட்டினால், எந்தக் கேள்விக்கு எத்தனை நிமிஷம் என்பது வரை பழக்கிவிடுவார்கள். ஹார்டியும் மாணவராக இருந்தபோது அப்படி ஒருவரிடம் போய், பிடிக்காமல் வெளியே வந்தவர். அந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று பேசியவர்களில் அவரும் ஒருவர். முதல் ராங்க், இரண்டாம் ராங்க் என்று வரிசைப்படுத்தும் பட்டியல் 1909 வரைதான் வந்தது. பரீட்சைக்கு உதவாத வாத்தியார் என்று கும்பகோணத்தில் பெயரெடுத்தவர், பரீட்சை டியூஷனை வெறுத்தவரிடமே வந்து சேர்ந்தார். ராமானுஜனுக்கு விட்டுப்போன நவீனக் கணிதத்தைச் சொல்லித்தரும் பொறுப்பை ஹார்டி ஏற்றுக்கொண்டார். சொல்லித்தந்ததைவிடக் கற்றுக்கொண்டதுதான் அதிகம் என்று பிறகு அவரே எழுதிவிட்டார்.

வியாதியோடு இங்கிலாந்தில் இருந்த ராமானுஜனுக்கு, சென்னை யூனிவர்சிட்டி ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித் தொகை வழங்கத் தீர்மானித்தது. 1919 ஜனவரி 11ந் தேதி யூனிவர்சிட்டி ரிஜிஸ்திராருக்கு அவர் எழுதிய பதில் இருக்கிறது. இந்தியா திரும்பிய பிறகு இவ்வளவு பணம் தனக்குத் தேவைப்படாது என்கிறார். இங்கிலாந்துச் செலவுகள் போக, ஆண்டுக்கு 50 பவுண்டு பெற்றோருக்குக் கொடுக்கச் சொல்கிறார். தன் அவசியச் செலவு போக மீதியைக் கல்விக் காரியத்துக்குச் செலவிடும்படி கேட்டுக்கொள்கிறார். என்ன காரியம் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்: ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிக்கூட ஃபீஸைக் குறைப்பது, பள்ளிகளுக்குப் புஸ்தகம் வாங்கித் தருவது.